கானாடுகாத்தான் அரண்மனை: எந்த ராஜா, எந்தப் போர்?

கோட்டையூரான் | சனி, இரவு 9.40

மச்சான் குடும்பத்தோடு கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறார். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி எல்லாம் முதல் நாளே முடிந்துவிட்டது. ஏழாம் வகுப்புப் படிக்கிற அவர் மகன் மட்டும் வந்து இறங்கியதிலிருந்து ஒரே பாட்டு: "மாமா, அரண்மனை எப்போ?"

இன்று காலை காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கானாடுகாத்தானுக்கு அழைத்துப் போனேன். முப்பது வருடமாக இந்தப் பக்கமே இருக்கிறேன், ஆனால் அரண்மனை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியது இது மூன்றாவது தடவைதான். உள்ளூர்க்காரனுக்கு உள்ள வியாதி. கேட் சாத்தியிருந்தது. காவலுக்கு இருந்தவர் தன்மையானவர். "உள்ள விடுறதில்லைங்க, வெளியில நின்னு படம் எடுத்துக்கங்க" என்றார். எடுத்தோம். பையன் முகப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"பீரங்கி எங்க மாமா?"
"இல்லடா."
"அகழி?"
"ஊருணி இருக்கு, அந்தப் பக்கம்."
"எந்த ராஜா இருந்தாரு?"
"ராஜா சர் அண்ணாமலை செட்டியார். சிதம்பரத்துல யூனிவர்சிட்டி கட்டினாரே, அவரு."
"எந்தப் போர்ல ஜெயிச்சாரு?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். "போரெல்லாம் இல்ல" என்றேன். "அப்புறம் ஏன் ராஜா?" என்றான். பக்கத்தில் நின்ற ஒரு வண்டிக்காரர் உதவிக்கு வருகிற மாதிரி, "ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி சோழ மகாராஜா கட்டிக் குடுத்தது தம்பி" என்று எடுத்துவிட்டார். பையன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

பிறகு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற ஒரு பெரிய வீட்டை, அதே தெருப் பக்கம்தான், சுற்றிப் பார்த்தோம். முகப்புத் தூணை மச்சான் கட்டிப்பிடித்துப் பார்த்தார், இரண்டு கையும் ஒன்றை ஒன்று தொடவில்லை. வளவில், அதாவது வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றத்தில், வெயில் நேராக இறங்கிக் கட்டம் போட்டிருந்தது. அதைச் சுற்றி நிழலிலேயே மொத்த வீட்டையும் வலம் வந்துவிடலாம். அழகு என்பதில் சண்டை இல்லை. என் சந்தேகம் வேறு. இதை அரண்மனை என்று சொல்லலாமா? பையனுக்கு நாளைக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் வாருங்கள்.


சீமைக்காரன் | சனி, இரவு 10.25

உங்கள் மருமகன் சரியான இடத்தில் பிடித்திருக்கிறான். நான் சிவகங்கை. எங்களுக்கு இது பழைய புண்.

அண்ணாமலை செட்டியார் 1881-ல் கானாடுகாத்தானில் பிறந்தவர். அந்த மாளிகை 1912 வாக்கில் கட்டியது. வெள்ளைக்காரன் அவருக்கு 'சர்' கொடுத்தது 1923-ல். 'செட்டிநாட்டு ராஜா' என்ற பரம்பரைப் பட்டம் கொடுத்தது 1929-ல். அதாவது வீடு முதலில், ராஜா பிற்பாடு. செட்டிநாடு என்று ஒரு சமஸ்தானமோ ஜமீனோ ஒரு நாளும் இருந்ததில்லை. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வாழ்கிற ஊர்களுக்கு மொத்தமாக வந்த பெயர் அது. தொண்ணூற்றாறு ஊர் என்பது பழைய கணக்கு, இப்போது எழுபத்துச் சொச்சம். அதில் பெரும்பகுதி சிவகங்கைச் சீமை, மீதி புதுக்கோட்டைத் தொண்டைமான் எல்லை. ஆண்டவர்கள் இங்கே இருந்தார்கள், அரண்மனையும் இங்கே இருக்கிறது.

1730-ஐ ஒட்டி ராமநாதபுரம் சீமை ஐந்து பங்காகப் பிரிந்து, மூன்று சேதுபதிக்கு, இரண்டு சசிவர்ணத் தேவருக்கு என்று ஆனது. அந்த இரண்டு பங்குதான் சிவகங்கை. சசிவர்ணர் மகன் முத்துவடுகநாதர். அவர் 1772-ல் காளையார்கோயிலில் கம்பெனிப் படையோடு மோதி உயிரை விட்டார். அவர் மனைவி வேலு நாச்சியார் மகளோடு தப்பி, திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் எட்டு வருடம் இருந்தார். ஹைதர் அலியிடம் உதவி வாங்கி, 1780-ல் திரும்பி வந்து சீமையை மீட்டார். 1857-க்கு எத்தனை வருடம் முன்னால் என்று பையனையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குத் துணை நின்ற மருது சகோதரர்களை 24.10.1801 அன்று சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள்.

நாளை ஞாயிறு. வண்டியை எங்கள் ஊருக்கு விடுங்கள்.


மதுரைமல்லி | சனி, இரவு 10.50

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கானாடுகாத்தானில் மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டுமா? வயதானவர்கள் இரண்டு பேர் வருகிறார்கள்.


கோட்டையூரான் | சனி, இரவு 11.05

பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றியிருக்கிற இடங்களில் முதல் நாளே சொன்னால்தான் இலை போடுவார்கள். இல்லையென்றால் காரைக்குடிக்கு வந்துவிடுங்கள், கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எல்லா வீட்டிலும் வாசல்படி உயரம், உள்ளே கட்டுக்குக் கட்டு, அதாவது வீட்டின் பகுதிக்குப் பகுதி, படி. செருப்பைக் கழற்றிவிட்டு வெயில் நேரத்தில் வளவைத் தாண்டினால் கால் பொரிந்துவிடும்.


வளவுக்காரி | ஞாயிறு, காலை 6.30

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது. இருக்கிறது என்றால், பதினான்கில் ஒரு பங்கு. அரண்மனை அளவெல்லாம் இல்லை, ஆனால் போட்ட கணக்கு ஒன்றுதான். சீமைக்காரன் அண்ணன் சொன்ன வருடங்களில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பீரங்கி, அகழி என்று தேடிப் போனால் செட்டிநாட்டு வீட்டில் ஒன்றும் கிடைக்காது. அங்கே தேட வேண்டியது புள்ளி.

எங்கள் பக்கம் கல்யாணம் ஆன ஒரு ஜோடி ஒரு புள்ளி. கோயிலில் வரி, வீட்டில் அறை, விசேஷத்தில் முறை, எல்லாம் புள்ளிக் கணக்கு. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் பார்த்திருப்பீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டிரண்டு அறை. அதை இரட்டை வீடு என்போம். கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. மாமியார் மருமகளைக் கொஞ்ச நாள் தன் அடுப்பில் வைத்திருந்துவிட்டு, அப்புறம் அரிசி பருப்பு பாத்திரம் பண்டம் கொடுத்து 'வேறு வைப்பார்'. கோபத்தில் தனிக்குடித்தனம் போவது மாதிரி இல்லை இது, நல்ல நாள் பார்த்து நடக்கிற சடங்கு. ஒரே கூரை, ஒன்பது அடுப்பு. சண்டை வந்தாலும் வளவில் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அதனால் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் முன்வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அங்கிருந்து பின்வாசல் நேர்கோட்டில் தெரியும், சில வீடுகளில் அதற்கு அடுத்த தெருவே தெரியும். முகப்பும் அதை ஒட்டிய பட்டாலைக் கூடமும் ஆண்களுக்கும் கணக்கு வழக்குக்கும். அப்புறம் முதல் வளவு, கல்யாணமும் முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்பும் அங்கே. அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று சாப்பாடு, சமையல், பெண்கள் புழங்குகிற இடம். என் அப்பத்தா முகப்புக்கு வந்து நின்று நான் பார்த்ததே இல்லை. இரண்டாங்கட்டில் உட்கார்ந்தபடியே, முகப்பில் யார் செருப்பைக் கழற்றுகிறார்கள் என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார்.

மாடியில் பெரிய பெரிய அறைகளைப் பார்த்து 'எத்தனை பேர் படுத்திருப்பார்கள்' என்று கேட்பார்கள். மாடியில் பெரும்பாலும் யாரும் படுத்ததில்லை. சாமான் இருந்தது. மங்குச் சாமான் (பீங்கான், எனாமல் பாத்திரம்), மரவை (மரப் பாத்திரம்), கொட்டான் (ஓலைக் கூடை), பித்தளை, ஜாடி, கல்யாணத்துக்குச் சீர் பரப்புகிற எல்லாம். எங்கள் வீடுகள் பாதிக்கு மேல் பண்டம் வைக்கக் கட்டியவைதான்.


கொத்தனார்பேரன் | ஞாயிறு, காலை 8.15

ஆச்சி சொன்னது உள்ளே. நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன், அது எங்கள் தாத்தா இடம்.

இந்த வீடுகளுக்கு வருகிற எல்லோரும் கேட்பது முட்டை. 'லட்சக்கணக்கான முட்டையில் கட்டியதாமே?' முட்டையில் யாரும் வீடு கட்ட முடியாது. செங்கலும் சுண்ணாம்பும்தான் வீடு. சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர் விட்டுப் புளிக்க வைத்து, அரைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டு வருவார்கள். கடைசிப் பூச்சு மட்டும் சிப்பிச் சுண்ணாம்பு, வெண்ணெய் பதத்துக்கு அரைத்தது. முட்டை வெள்ளைக்கரு அதில்தான் சேரும். ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டுத் தேய்த்தால் வெயில் படும்போது திட்டுத் திட்டாகத் தெரிந்துவிடும் என்பார் தாத்தா. சரியாக விழுந்த பூச்சை, சித்திரை மதியம் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கும். நூறு வருடம் ஆகியும் வண்ணம் அடிக்க வேண்டி வராத சுவர் அது. இப்போது சில இடங்களில் மேலே எனாமல் பெயிண்ட் அடித்துச் சுவரை மூச்சு முட்ட வைக்கிறார்கள். உப்புப் பூத்து உரிகிறது. அதைப் பார்க்கும்போது தாத்தா உயிரோடு இல்லாதது நல்லது என்று தோன்றும்.

தரையையும் சொல்லிவிடுகிறேன். முகப்பில் இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, பர்மாத் தேக்கு எல்லாம் சரி, கப்பலில் வந்தவை. ஆத்தங்குடிக் கல் மட்டும் நம் மண். நம் ஊர்ப் பிள்ளைகளே அது எப்படி வருகிறது என்று பார்த்ததில்லை. ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம். கண்ணாடிமேல் பூ அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் வண்ணம் கலக்காமல் நிற்கும். கை நடுங்கினால் அந்தக் கல் போச்சு. மேலே மணலும் சிமெண்டுமாக உலர் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை வைத்து அழுத்தி மட்டம் பார்த்துக் கவிழ்த்து வைப்பார்கள். காய்ந்த பின் தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறும். கண்ணாடி தானாகவே விட்டுவிடும். கண்ணாடி பட்ட முகம் அப்படியே பளபளக்கும், சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. பதித்த பிறகு உமி போட்டுத் தேய்ப்போம். அப்புறம் நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். பூட்டிக் கிடக்கிற வீட்டில் தரை மங்கிப் போவது அதனால்தான்.

கோட்டையூரான் அண்ணே, பையனை ஆத்தங்குடிக்குக் கூட்டிப் போங்கள். அரண்மனையாவது மூடியிருக்கும், பட்டறை மூடியிருக்காது. ஞாயிறு மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள்.


பழையபத்திரம் | ஞாயிறு, காலை 10.10

நாற்பது வருடம் பத்திரங்களோடு குப்பை கொட்டியவன். இந்த இழையில் ஆளுக்கொரு அரண்மனையைப் பிடித்து இழுக்கிறீர்கள், இரண்டுக்கும் நடுவில் ஓடிய காசை யாரும் தொடவில்லை.

மருதுவைத் தூக்கில் போட்டதோடு ஆட்சி முடிந்தது. கம்பெனி கௌரி வல்லபத் தேவரை ஜமீன்தார் ஆக்கியது. அதாவது ராஜா என்ற பெயர் இருக்கும், வருடா வருடம் பேஷ்குஷ் என்ற கப்பம் கட்ட வேண்டும், படை கிடையாது. அவர் 1829-ல் காலமானார். அதிலிருந்து வாரிசுச் சண்டை. அண்ணன் வழியா, மனைவி மகள் வழியா என்று கோர்ட் கோர்ட்டாக ஏறி, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1863-ல் மகள் கட்டம நாச்சியார் பக்கம் தீர்ப்பானது. குடும்பம் பிரியாமல் இருந்தாலும் ஒருவன் சுயமாகச் சம்பாதித்த சொத்து அவன் மனைவிக்கும் மகளுக்கும்தான் போகும் என்ற அந்தத் தீர்ப்பு, பின்னால் இந்து வாரிசு வழக்கு நடத்திய வக்கீல்களுக்கெல்லாம் பாலபாடம். சிவகங்கை பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியது இப்படி.

முப்பது சொச்ச வருடம் வழக்கு நடத்தக் காசு எங்கிருந்து வரும்? கடன்தான். ராமநாதபுரத்திலும் இதே கதை. விவேகானந்தர் சிகாகோ போகத் துணை நின்ற பாஸ்கர சேதுபதி, நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் எவ்வளவு கடன்பட்டிருந்தார் என்பது ஊரறிந்தது. சீமை ராஜாவுடையது, பத்திரம் செட்டியார் பெட்டகத்தில். அப்போதே அரண்மனை இடம் மாறிவிட்டது என்பேன் நான். கல்லும் மரமும் வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று, அவ்வளவுதான்.


சீமைக்காரன் | ஞாயிறு, காலை 10.40

ஐயா சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால், அதற்குப் பெயர் வட்டிக்கடை. அரண்மனை என்று ஏன் சொல்ல வேண்டும்? தேக்கு வந்தது பர்மாவிலிருந்து என்று எல்லோரும் பெருமையாக எழுதுகிறீர்கள். பர்மாவில் என்ன நடந்தது என்று எழுதுங்களேன். கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் ஆறு சதவீதம். 1937-ல் இருபத்தைந்து. ஏழே வருடத்தில். அந்த நிலத்தில் உழுதுகொண்டிருந்தவன் எங்கே போனான்?


மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 11.00

வரலாறு பேசலாம். எந்தச் சாதியையும் மொத்தமாக ஏச வேண்டாம். ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன் (மேலே இருப்பவருடையது இல்லை). தொடரலாம்.


வளவுக்காரி | ஞாயிறு, பகல் 12.20

அண்ணன் கேட்டது நியாயம். எங்கள் வீட்டுப் பெரியவர்களே இதைப் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன்.

அந்த ஆறு இருபத்தைந்து ஆனது நெல் விலை விழுந்த வருடங்களில். 1930 உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை தரைக்கு வந்தது, விவசாயியால் வட்டியும் கட்ட முடியவில்லை, முதலும் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. செட்டியாருக்கு நிலம் தேவையே இல்லை, அவர் கடன் கொடுத்து வாங்குகிறவர். அவர் தொழிலில் நிலம் கையில் நின்றால் பணம் முடங்கியது என்று அர்த்தம். ஆனால் உழுதவன் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? நிலம் போனது போனதுதான். அந்தக் கோபம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது எங்கள் ஐயா, அதாவது தாத்தா, நடந்தே ஊர் வந்தவர்களில் ஒருவர். வரும்போது கணக்குப் புத்தகத்தைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். நகை, துணி எல்லாம் வழியில் போய்விட்டது. வந்தபின் பல வருடம் அந்தக் கணக்கை எடுத்து மாதா மாதம் வட்டி போட்டுக்கொண்டிருந்தார் என்று அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பா) சொல்லுவார். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்து நிலமெல்லாம் தேசியமயம். மிச்சம் இருந்ததும் அறுபதுகளில் போனது. ஐயா அப்போதும் வட்டி போடுவதை நிறுத்தவில்லையாம். புத்தகம் இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது.

எங்கள் பெரிய வீடுகள் எல்லாம் ஏன் 1940-களோடு நின்றுவிட்டன என்று கேட்பவர்களுக்கும் பதில் அதுதான். காசு நின்றது, கட்டுமானம் நின்றது. பங்காளிகள் ஊர் ஊராகப் போனார்கள். பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கூரை ஓடுகளை மாற்ற முடியும். விற்பதானாலும் பதினான்கு கையெழுத்து. சில குடும்பங்கள் பிரித்துக் காசாக்கிவிட்டன. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் தெரியும், யார் வீட்டு நிலைக்கதவு எந்த ஊர் ரிசார்ட்டுக்குப் போகிறது என்று. நான் அந்தத் தெருவுக்குப் போவதில்லை.


பழையபத்திரம் | ஞாயிறு, பகல் 1.00

ஆச்சிக்கு நன்றி. கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பம் அந்தப் பொறியில் முழுசாக மாட்டாததற்கு ஒரு காரணம், அவர்கள் காசை வேறு பக்கமும் திருப்பியதுதான். இந்தியன் வங்கி 1907-ல் தொடங்கியபோதே அந்தக் குடும்பம் உள்ளே இருந்தது. சிதம்பரத்தில் 1920-ல் மீனாட்சி கல்லூரி, அதுவே 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். பட்டம் வந்த ஆண்டும் அதே 1929, கவனித்தீர்களா? 1943-ல் தமிழ் இசைச் சங்கம். தமிழ்நாட்டில் கச்சேரி மேடையில் தமிழில் பாடு என்று சொல்லவே ஒரு இயக்கம் தேவைப்பட்டது என்பதை உங்கள் பையனிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டான். போர் கேட்டானே, அதுவும் ஒரு போர்தான், சபா சண்டை.


கொத்தனார்பேரன் | ஞாயிறு, பகல் 1.30

சீமைக்காரன் அண்ணனுக்கு ஒரு விஷயம். மருது ஆண்டதும் இதே மண்தானே. கல்லல் பக்கம் ஒரு ஊர் இருக்கிறது, அரண்மனைசிறுவயல். சின்ன மருது இருந்த இடம். 1801-ல் கம்பெனிப் படை நெருங்கி வந்தபோது ஊருக்குத் தீ வைத்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள். படையோடு வந்த வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரியே இதை எழுதி வைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால் அவருக்கு வளரி என்கிற வளைந்த எறிகோலை எறியக் கற்றுக்கொடுத்ததும் சின்ன மருதுதான், சமாதான காலத்தில். இன்று பேருந்துப் பலகையில் அரண்மனை என்று எழுதியிருக்கும். பெயர்தான் ஊரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் குன்றக்குடிக்கு முதல் நாளே போய்விட்டீர்கள் என்றீர்கள். பெரிய மருதுவுக்கு முதுகில் ராஜபிளவை என்ற பெரிய கட்டி வந்து, காடன் செட்டி என்ற முருக பக்தர் திருநீறு பூசிக் குணமானது என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். மருது அந்தக் கோயிலுக்குச் செய்த திருப்பணியெல்லாம் அதற்குப் பிறகுதானாம். கதையோ நிஜமோ, சீமைக்கும் செட்டிக்கும் அப்போது இப்படி ஒரு பேச்சு வழக்கு இருந்திருக்கிறது.


சீமைக்காரன் | ஞாயிறு, பகல் 2.00

தம்பி, ராஜபிளவைக் கதை எனக்கும் தெரியும். எங்கள் அம்மா சொல்லும்போது காடன் செட்டி பெயரை விட்டுவிட்டுத்தான் சொல்லுவார். சரி, கோட்டையூரான் எங்கே? கிளம்பினாரா இல்லையா?


கோட்டையூரான் | ஞாயிறு, இரவு 9.15

கிளம்பினேன், திரும்பியும் வந்துவிட்டேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. காலையில் கொத்தனார்பேரன் சொன்னதைப் படித்துவிட்டு முதலில் ஆத்தங்குடி. ஒரு பட்டறையில் ஒரே ஒருவர் வேலையாக இருந்தார். பையன் கரண்டியை வாங்கி நீலத்தை ஊற்றினான், சிவப்புக்குள் ஓடிவிட்டது. "இது உன் கல்லு தம்பி, காய்ஞ்சதும் வந்து வாங்கிக்க" என்று சிரித்தார் அவர். ஊறி முடிக்க நாளாகும், அதற்குள் இவன் ஊருக்குப் போய்விடுவான். நான்தான் போய் வாங்கி வைக்க வேண்டும்.

அப்புறம் காளையார்கோயில் வழியாகச் சிவகங்கை. அரண்மனை வாசலில் இறங்கியதும் பையன் முகத்தில் ஒரு திருப்தி, இதுதான் கேட்டது என்கிற மாதிரி. கானாடுகாத்தானோடு ஒப்பிட்டால் பளபளப்பு கிடையாது. சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது, செடி முளைத்திருக்கிறது. ராஜராஜேஸ்வரி அம்மன் சன்னிதியில் மட்டும் ஆள் நடமாட்டம். பூ விற்கிற அம்மா பையனிடம், "நாச்சியார் கும்பிட்ட சாமி, நல்லா கும்பிட்டுக்க" என்றார். அவன் அங்கே நின்ற நேரம், கானாடுகாத்தானில் நின்றதைவிட அதிகம். பேசவும் இல்லை. சீமைக்காரன், உங்களுக்கு இந்த இடத்தில் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் திரும்பி வரும்போது வண்டியில் கேட்டான்: "மாமா, நாச்சியார் எட்டு வருஷம் வெளியில இருந்தாங்கள்ல, அப்ப அவங்க வீட்டை யார் பாத்துக்கிட்டா?" என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆச்சி வீட்டை இப்ப யார் பாத்துக்கிறா?" நேற்றிரவிலிருந்து என் தோளுக்குப் பின்னால் நின்று இந்த இழையை அவனும் படித்துக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

கானாடுகாத்தானை அரண்மனை என்றே சொல்லிக்கொள்ளட்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது, ராஜா என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு. பையன் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "பெரிய வீடுன்னே சொல்லலாமே மாமா, அதுல என்ன தப்பு?" என்கிறான். ஆத்தங்குடியில் பெரிய வீடு என்றே ஒரு வீடு இருப்பதை அவன் பார்த்துவிட்டு வந்திருக்கிறான், விவரமான பயல்.


சீமைக்காரன் | ஞாயிறு, இரவு 9.40

பெரிய வீடு. நான் கையெழுத்துப் போடுகிறேன்.


வளவுக்காரி | ஞாயிறு, இரவு 10.05

எங்கள் வீட்டைக் காரைக்குடிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு இருந்து பார்த்துக்கொள்கிறார், முப்பது வருடமாக. காலையில் முகப்பில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவது அவர் மனைவி. உண்மையில் அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் என்றால் இப்போது அவர்கள்தான், எங்களைவிட அதிக நாள். பையனிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இந்த வருடம் பங்காளிகள் பாதிப் பேராவது ஊருக்கு வருவதாக இருக்கிறோம். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள். இருபத்தொரு நூலைத் திரியாகத் திரித்து, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். இழை எடுப்பது என்று பெயர், இங்கே நாம் ஓட்டுகிற இழை இல்லை. அன்று எல்லாக் கட்டும் திறந்திருக்கும். பள்ளிக்கு விடுமுறை கிடைத்தால் அழைத்து வாருங்கள்.


கோட்டையூரான் | ஞாயிறு, இரவு 10.12

ஆச்சி, அவன் இப்போதே குதிக்கிறான். நெருப்பையே விழுங்குவீர்களா என்று பத்துத் தடவை கேட்டுவிட்டான். எத்தனை மணிக்கு வரட்டும்?


வளவுக்காரி | ஞாயிறு, இரவு 10.20

இழை எடுப்பது பொழுது சாய்ந்துதான். நீங்கள் மதியமே வந்துவிடுங்கள். மழை பிடித்தால் இன்னும் நல்லது, நான்கு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் வளவில் இறங்கும். சின்ன வயதில் மூலைக்கு ஒரு அண்டா வைத்துப் பிடிப்போம். அண்டாக்கள் இருக்கின்றன, எடுத்து வைக்கச் சொல்கிறேன்.